ஐம்பது கிராமும் அரை மில்லிமீட்டரும்

ரோடு பைக் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் கூடினால் சக்கரத்தின் எடையைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. ஃபிரேமில் இரண்டு கிராம் குறைப்பதும் ரிம்மில் ஒரு கிராம் குறைப்பதும் ஒன்றுதான் என்பார்கள். இயற்பியலும் இதை ஏற்கிறது. ஃபிரேம் முன்னால் நகர்கிறது, அவ்வளவுதான். ரிம்முக்கு நகர்வோடு சுழற்சியும் உண்டு. எடை முழுக்க விளிம்பில் இருப்பதால், அதைச் சுழற்றத் தேவைப்படும் ஆற்றல் அதை நகர்த்தத் தேவைப்படும் ஆற்றலுக்குக் கிட்டத்தட்டச் சமமாகிவிடுகிறது.

கணக்கைக் கொஞ்சம் தொடர்ந்து போட்டுப் பார்க்கலாம். ரிம்முக்கு ஐம்பது கிராம் வீதம் இரண்டு சக்கரத்திலும் நூறு கிராம் குறைத்துவிட்டோம். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தை எட்ட, ஆளும் வண்டியும் சேர்ந்த 80 கிலோவுக்கு 4,000 ஜூல் வேண்டும். நூறு கிராம் ரிம் எடைக்கு உரிய பங்கு சுமார் 10 ஜூல். 400 வாட் கொடுத்து மிதிப்பவருக்கு மிச்சமாவது ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு. சீரான வேகத்தில் மலையேறும்போது சுழற்சிக் கணக்கே இல்லை, வெறும் எடைதான். ஒரு மணி நேர ஏற்றத்தில் நாலரை விநாடி மிச்சப்படும். பந்தயத்தை வெல்ல அது போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த ஐம்பது கிராமை எங்கிருந்து சுரண்டி எடுத்தார்கள் என்று கேட்காமல் ரிம் வாங்கக் கூடாது.

பல ஆண்டுகள் ரிம்தான் பிரேக்கின் பாதியாக இருந்தது. ரப்பர் கட்டைகள் அதன் பக்கச் சுவரைக் கவ்வி வண்டியை நிறுத்தின. பிரான்ஸின் ஆல்ப் துயெஸ் மலைப்பாதை ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம் ஏறுகிறது. 80 கிலோவோடு அதில் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், இரண்டரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் ரிம்மில் வெப்பமாக இறங்கும். அலுமினிய ரிம்மில் உள்ளே இருக்கும் காற்று சூடேறி அழுத்தம் கூடும். கார்பன் ரிம்மிலோ இழைகளைப் பிணைக்கும் பிசினே இளகும். தேய்மானத்துக்கும் வெப்பத்துக்கும் ஈடுகொடுக்க அந்தச் சுவர்கள் தடிமனாக இருந்தே ஆக வேண்டும்.

சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ 2018 ஜூலை 1 முதல் எல்லா ரோடு பந்தயங்களிலும் டிஸ்க் பிரேக்கை அனுமதித்தது. வெப்பம் முழுவதும் சக்கரத்தின் மையமான ஹப்புக்குப் பக்கத்தில் இருக்கும் 140 அல்லது 160 மில்லிமீட்டர் தகட்டுக்கு இடம் மாறியது. ரிம்மின் சுவர் தேய வேண்டியதில்லை, தட்டையாக இருக்க வேண்டியதும் இல்லை. டிஸ்க் ரிம் இலேசாக முடிகிறது என்றால் முதல் காரணம் இதுதான். இந்தக் குறைப்பு நேர்மையானது.

ஆனால் பிரேக் விசை இப்போது நடுவில் பிறந்து விளிம்புக்குப் போயாக வேண்டும். முன் பிரேக்கை நன்றாக அழுத்தினால் ஹப்பை முறுக்கும் விசை 130 நியூட்டன் மீட்டரைச் சுலபமாகத் தாண்டும். அதைக் கடத்துபவை ஸ்போக்ஸ் கம்பிகள். மையத்திலிருந்து நேராக விரியும் கம்பிகளால் முறுக்கைத் தாங்க முடியாது என்பதால் முன்சக்கரத்திலும் கம்பிகளைக் குறுக்காகப் பின்னுகிறார்கள். டிஸ்க் இடப்பக்கம் உட்கார்ந்து இடத்தை எடுத்துக்கொள்வதால் முன்சக்கரத்தின் இடக்கம்பிகள் அதிகம் இறுகுகின்றன. கம்பித் துளைகளை நடுவிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போட்ட ரிம் இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும். 24 கம்பிகள் ஒவ்வொன்றும் 1,000 நியூட்டனில் இழுத்தால், ரிம்மின் எந்த இடத்தை வெட்டிப் பார்த்தாலும் அங்கே சுமார் 3,800 நியூட்டன் நெருக்கு விசை இருக்கும். வண்டி சும்மா சுவரில் சாய்ந்து நிற்கும்போதும் ஏறத்தாழ 390 கிலோ எடைக்குச் சமமான நெருக்கடியில்தான் அந்த மெல்லிய வளையம் வாழ்கிறது! அளவு மீறி மெலிந்த ரிம்மில் அடிக்கடி கோட்டம் எடுக்க வேண்டிவருவதில் வியப்பில்லை.

ட்யூப்லெஸ் விஷயத்தில்தான் எனக்கு ரிம் மீது உண்மையான மரியாதை வந்தது. ட்யூப் இருந்தவரை காற்றைப் பிடித்து வைப்பது ட்யூபின் வேலை. அது போனபின் டயரின் ஓரத்து வளையமான பீடும் ரிம்மும் சந்திக்கும் இடமே காற்றடைப்பு. பீடுக்குள் இருப்பது கிட்டத்தட்ட நீளவே நீளாத இழை. அது உட்காரும் திட்டின் விட்டம் 622 மில்லிமீட்டர். விட்டம் அரை மில்லிமீட்டர் பிசகினால் சுற்றளவில் ஒன்றரை மில்லிமீட்டர் பிசகும்: கூடினால் டயர் ஏறாது, குறைந்தால் காற்று நிற்காது, திருப்பத்தில் டயர் கழலவும் கூடும். 0.1 மில்லிமீட்டர் ரிம் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினாலே விட்டம் 0.4 மில்லிமீட்டர் கூடிவிடுகிறது.

நீளாத வளையத்தை அவ்வளவு இறுக்கமான இருக்கைக்கு எப்படி ஏற்றுவது? ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. பீடை ஒரு பக்கம் அந்தப் பள்ளத்தில் இறக்கினால் எதிர்ப்பக்கம் சில மில்லிமீட்டர் தளர்வு கிடைக்கிறது. அந்தத் தளர்வில்தான் டயர் உள்ளே போகிறது. பிறகு காற்றை வேகமாக அடிக்கும்போது பீடு ஒரு சிறு மேட்டைத் தாண்டி, ‘டப்’ என்று திட்டில் போய் உட்காருகிறது. காற்று இறங்கினாலும் பீடு உடனே பள்ளத்துக்குள் சரியாமல் காப்பது அந்த மேடு. கண்ணுக்கு எளிதில் தெரியாத இந்தப் பள்ளமும் மேடும் சரியாக அமைந்த ரிம்மை, அவை அமையாத இலேசான ரிம்மைவிட நான் எப்போதும் மேலாக மதிப்பேன்.

இனி கொக்கி. பழைய ரிம் சுவரின் உச்சி உள்பக்கமாக வளைந்து பீடைப் பிடித்துக்கொள்ளும். கொக்கியில்லாத நேர்ச்சுவரைக் கார்பனில் வார்ப்பது எளிது, செலவும் குறைவு. ஆனால் டயர் உறை ரிம்மை இழுக்கும் விசை, அழுத்தத்தை டயரின் ஆரத்தால் பெருக்கினால் வருவது: 28 மில்லிமீட்டர் டயரில் 5 பார் காற்று அடைத்தால் ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்துக்கும் 7 நியூட்டன். கொக்கியில்லாத ரிம்முக்குத் தர நிர்ணயம் விதித்த உச்சவரம்பும் அதே 5 பார்தான், அதாவது 72.5 பிஎஸ்ஐ. 2024 பிப்ரவரியில் யூஏஇ டூர் பந்தயத்தில் தாமஸ் டி ஹென்ட் என்ற வீரர் விழுந்தபோது அவருடைய டயர் கொக்கியில்லாத ரிம்மிலிருந்து கழன்றிருந்தது. காரணம் குறித்து வாதம் நீண்டது. வீரர்களிடையே அச்சம் பரவியது.

என் தேர்வைக் கேட்டால், 28 மில்லிமீட்டர் டயர் போடுகிறவருக்கு உள்ளகலம் 21 மில்லிமீட்டர் உள்ள, கொக்கி வைத்த, துளைகள் விலகிய ரிம். அலுமினியத்தில் அது 430 முதல் 470 கிராம் வரை இருக்கட்டும். உடல் எடை அதிகமென்றால் 24 கம்பிக்குப் பதில் 28. சக்கரம் கட்டுபவரிடம், டயரை ஏற்றிக் காற்றடித்த பிறகும் கம்பிகளின் இறுக்கத்தை ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். இறுகிய ட்யூப்லெஸ் பீடு ரிம்மை நெருக்குவதால் கம்பிகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் கிராம் கணக்கைப் படிப்பதற்கு முன், ரிம் தயாரிப்பாளர் எந்த டயரை, எந்த அகலத்தில், எவ்வளவு அழுத்தம் வரை அனுமதிக்கிறார் என்ற பட்டியலைப் படித்துவிடுங்கள்.