கோயம்புத்தூரில் வென்ற பட்டம்: 2018–19 ஐ-லீக் பருவமும் அதன் பாடமும்

இந்தியாவில் 1996-இல் தொடங்கிய தேசியக் கால்பந்து லீக், 2007-இல் ஐ-லீக் என்ற புதிய பெயரைப் பெற்று நடந்துவந்த நெடுங்காலத்தில், அதன் பட்டம் பெரும்பாலும் கொல்கத்தாவுக்கும் கோவாவுக்கும் இடையிலேயே கைமாறி வந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓர் அணி அதை முதன்முறையாக வென்ற நாள் 2019 மார்ச் 9 ஆகும். அன்று கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்கால் அணியை முந்தியது. அந்தப் பருவம் எப்படி அமைந்தது என்பதையும், வென்ற அணி அடுத்த சில ஆண்டுகளிலேயே தேசிய அரங்கிலிருந்து மறைந்துபோனது ஏன் சிந்திக்கத்தக்கது என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்த வெற்றியின் முழு மதிப்பும் விளங்கும்.

திருவிழாக் காலங்களில் ஊர்தோறும் நடக்கும் நாக்-அவுட் போட்டிகளில், தோற்ற அணி அத்துடன் வெளியேறிவிடும் என்பதால், ஒரு நாள் நன்றாக ஆடுகிற அணிகூட கோப்பையை நெருங்கிவிடலாம். லீக் முறையோ வேறு கணக்கில் இயங்குகிறது. ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் சொந்த ஊரில் ஒரு முறையும் எதிரணியின் ஊரில் ஒரு முறையும் மோதும். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி, தோல்விக்குப் புள்ளி இல்லை. கடைசியில் யாரிடம் அதிகப் புள்ளிகள் உள்ளனவோ அந்த அணியே வாகையர். 2018–19 ஐ-லீக்கில் 11 அணிகள் பங்கேற்றதால் ஒவ்வோர் அணிக்கும் 20 ஆட்டங்கள் கிடைத்தன. ஐந்து மாதம் நீளும் இத்தகைய பந்தயத்தில் காயம், பயணக் களைப்பு, வெயில், குளிர் ஆகிய அனைத்தையும் தாங்கி நிற்கிற அணிக்கே பட்டம் கிட்டும் என்பதால்தான், கோப்பைப் போட்டியைவிட லீக் பட்டத்தை உயர்வாகக் கருதும் மரபு உலகெங்கும் நிலவுகிறது.

இந்த முறையில் பெருநகர அணிகளின் பணபலம் நீண்ட காலத்தில் மேலோங்குவதே வழக்கம் என்றாலும், அதை மீறிய பருவங்களும் உண்டு. இத்தாலியின் முதல்நிலைப் போட்டியான சீரி ஆ-வில் 1984–85 பருவம் அதற்குப் புகழ்பெற்ற சான்றாகும். மரடோனா நாப்போலி அணியில் சேர்ந்த முதல் ஆண்டு அது. யுவென்டஸில் பிளாட்டினியும், உதினேசேயில் ஜிக்கோவும் ஆடிக்கொண்டிருந்தனர். அந்த நட்சத்திரங்களுக்கு நடுவே ஒஸ்வால்டோ பாஞோலி என்ற பயிற்சியாளரின் கீழ் ஆடிய ஹெல்லாஸ் வெரோனா அணி, 30 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே தோற்று, தன் வரலாற்றின் ஒரே பட்டத்தை வென்றது. அந்தப் பருவத்தில் யுவென்டஸுக்கு எதிரான ஆட்டத்தில், டென்மார்க் வீரர் எல்கியேர் ஓட்டத்தின் நடுவே ஒரு காலணி கழன்று விழுந்த பிறகும் நிற்காமல் ஓடி, வெறுங்காலுறையோடு அடித்த கோல் இன்றும் அந்நகரில் பேசப்படுகிறது. வெற்றிக்கு 2 புள்ளி என்ற அக்காலக் கணக்கில் வெரோனா பெற்றவை 43 புள்ளிகள். 34 ஆண்டுகளுக்குப் பிறகு, வேறு கணக்கில், சென்னை சிட்டி பெற்றவையும் 43 புள்ளிகளே.

சென்னை சிட்டி தன் வரலாற்றை 1946-இல் தோன்றிய நேதாஜி விளையாட்டுக் கழகத்திலிருந்து கணக்கிடுகிறது. சென்னை நகர லீக்கில் வளர்ந்த அந்தக் கழகம், 2016–17 பருவத்தில் ஐ-லீக்கில் நுழையும் வாய்ப்பைப் பெற்று, முதல் ஆண்டில் பத்து அணிகளில் எட்டாம் இடத்தையும், மறு ஆண்டிலும் அதே எட்டாம் இடத்தையுமே பிடித்தது. சென்னையின் கால்பந்துக் கவனம் முழுவதும் அப்போது ஐ.எஸ்.எல். எனப்படும் இந்தியன் சூப்பர் லீக்கில் இரண்டு முறை கோப்பை வென்றிருந்த சென்னையின் எஃப்.சி.யின் பக்கமே இருந்தது. சென்னை சிட்டியோ 2017–18 பருவம் முதல் கோயம்புத்தூரைத் தன் சொந்தக் களமாக்கிக்கொண்டது. தலைநகரின் பெயரைத் தாங்கிய அணிக்குக் கொங்கு மண்ணின் ரசிகர்கள் ஆதரவளித்தனர்.

2018-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றதும் அணியின் ஆட்டமுறை மாறியது. பந்தை எதிரணியின் பக்கம் நீளமாக அடித்துவிட்டு அதன் பின்னால் ஓடுவதைத் தவிர்த்து, பின்வரிசையிலிருந்தே சிறுசிறு பாஸ்களால் ஆட்டத்தைக் கட்டி எழுப்பும் முறையை அவர் கொண்டுவந்தார். அதற்கு ஏற்றபடி ஸ்பெயினின் கால்பந்துச் சூழலில் உருவான வீரர்கள் சேர்க்கப்பட்டனர்: கோல்காப்பில் நவுசெத் சாந்தானா, தற்காப்பில் ராபர்ட்டோ எஸ்லாவா, நடுக்களத்தில் சாண்ட்ரோ ரோட்ரிகஸ், தாக்குதலைத் தொடுக்கும் இடத்தில் நெஸ்டர் கோர்டில்லோ, முன்வரிசையில் உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்சி. இவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் போன்ற தமிழ்நாட்டு வீரர்கள் தோளோடு தோள் நின்று ஆடினர். முதல் ஆட்டத்திலேயே, இளம் வீரர்களைக் கொண்ட இந்தியன் ஆரோஸ் அணியை 4–1 என்று வீழ்த்தியபோது மான்சி ஹாட்ரிக் அடித்தார். அதாவது ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள். பருவம் முடிகையில் அவருடைய கணக்கில் 21 கோல்கள் இருந்தன. சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவும் அதே எண்ணிக்கையை எட்டினார். வருமானத்தில் பெரிய கழகங்களோடு ஒப்பிட முடியாத ஓர் அணி, தற்காப்பில் ஒளிந்துகொள்ளாமல் கோல் அடித்தே முன்னேறியது என்பது இந்தப் பருவத்தின் தனிச்சிறப்பு.

அந்த ஆண்டு போட்டியும் எளிதாக இருக்கவில்லை. முதன்முறையாக ஐ-லீக்கில் ஆடிய ரியல் காஷ்மீர், ஸ்ரீநகரின் கடுங்குளிரில் எதிரணிகளைத் திணறடித்து மூன்றாம் இடம் வரை வந்தது. ஈஸ்ட் பெங்கால் கடைசிச் சுற்றுவரை விடாமல் துரத்தியது. கடைசி நாள் காலையில் சென்னை சிட்டி 40 புள்ளிகளுடனும் ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளிகளுடனும் நின்றன. கடைசிச் சுற்றில் பட்டத்துக்குப் போட்டியிடும் அணிகளின் ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துவது லீக் போட்டிகளின் வழக்கம். ஓர் அணியின் முடிவை அறிந்துகொண்டு மற்றோர் அணி தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதே அதற்குக் காரணம். எனவே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவுடன் மோதிய அதே வேளையில், கோயம்புத்தூரில் சென்னை சிட்டி முந்தைய ஆண்டின் வாகையரான மினர்வா பஞ்சாபைச் சந்தித்தது.

ஆட்டம் தொடங்கி மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடிக்க, அரங்கம் உறைந்தது. இடைவேளை வரை சென்னை சிட்டி பின்தங்கியே இருந்தது. இரண்டாம் பாதியில் கிடைத்த பெனால்டி வாய்ப்பை மான்சி கோலாக்கி ஆட்டத்தைச் சமன் செய்தார். ஆனால் சமன் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. ஏனெனில் கோழிக்கோட்டில் முதலில் பின்தங்கிய ஈஸ்ட் பெங்கால், பிறகு 2–1 என்று வென்று 42 புள்ளிகளைத் தொட்டுவிட்டது. சென்னை சிட்டியின் ஆட்டம் சமனில் முடிந்திருந்தால் அதற்குக் கிடைத்திருக்கக்கூடியவை 41 புள்ளிகளே. அந்த இக்கட்டில் கை கொடுத்தவர், கோல் அடிப்பதைத் தொழிலாகக் கொள்ளாத தற்காப்பு வீரர் கௌரவ் போரா. 69-ஆம் நிமிடத்தில் ஒரு கோலும், கூடுதல் நேரத்தில் இன்னொரு கோலும் அடித்து அவர் 3–1 என்ற வெற்றியை உறுதி செய்தார்.

வெற்றிக்குப் பின் நடந்தவை மகிழ்ச்சியானவை அல்ல. 2019 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் சென்னை சிட்டியின் 26 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது பெரிய எதிர்பார்ப்பைக் கிளப்பியது. ஆனால் அதே ஆண்டில், நாட்டின் முதல்நிலைப் போட்டி என்ற தகுதி ஐ-லீக்கிடமிருந்து இந்தியன் சூப்பர் லீக்குக்கு மாறியது. அவ்வகையில் சென்னை சிட்டி வென்றதே முதல்நிலைத் தகுதியோடு நடந்த கடைசி ஐ-லீக் பருவமாயிற்று. ஆசிய வாகையர் லீக்கின் தகுதிச் சுற்றில் 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0–1 என்று தோற்றதோடு அந்தப் பயணமும் முடிந்தது. வாகை சூடிய வீரர்களில் பலர் வேறு கழகங்களுக்குப் பிரிந்து செல்ல, 2020–21 பருவத்துக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவில்லை. வெரோனாவும் பட்டம் வென்ற ஐந்தே ஆண்டுகளில் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது, கடனிலும் சிக்கியது. எனினும் தன் அணியை விட்டுக்கொடுக்காத நகரமும், தலைமுறை தலைமுறையாக அரங்குக்கு வரும் குடும்பங்களும் இருந்ததால் அது மீண்டும் மீண்டும் எழுந்து நின்றது. இரண்டு கதைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆட்டத்திறனில் இல்லை, வேரில் இருக்கிறது.

வேர் பிடிக்கக்கூடிய மண் தென்தமிழகத்திலும் உண்டு என்பதற்கு அதே 2019-இல் சான்று கிடைத்தது. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. அவ்வாண்டு மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று, பெண்களுக்கான தேசிய லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. மூன்றே மாதங்களுக்குள் ஆண்கள், பெண்கள் ஆகிய இரு தேசிய லீக் பட்டங்களும் தமிழ்நாட்டு அணிகளுக்குக் கிடைத்த அந்த ஆண்டைப் பற்றித் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. கம்பத்திலிருந்து தேனி, உசிலம்பட்டி வழியாகப் பேருந்தில் போய்ச் சேரக்கூடிய மதுரையில் ஒரு தேசிய வாகையர் அணி உருவானது. மேற்கே மலையைத் தாண்டினால் கால்பந்தை உயிராக நேசிக்கும் கேரளம் இருக்கிறது. பெரியகுளம் தன் கூடைப்பந்துப் போட்டிகளால் நாடறிந்த பெயரைப் பெற்றிருக்கிறது. ஒரு விளையாட்டை ஊரின் அடையாளமாக்க முடியும் என்பதற்கு இந்த மாவட்டத்துக்கு வெளியே எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

கம்பத்துத் திராட்சை விவசாயி கொடியைப் பந்தலில் ஏற்றி, பருவமறிந்து கவாத்து செய்து, முதல் காய்ப்புக்கு முன்பே பல மாதம் உழைப்பதைப் போல, கால்பந்திலும் பத்து வயதில் ஒரு பிள்ளையைக் களத்தில் இறக்கி, முறையான பயிற்சியும் ஆண்டு முழுவதும் ஆடத் தொடர் ஆட்டங்களும் கொடுத்தால்தான் இருபது வயதில் ஒரு வீரர் கிடைப்பார். அதற்குத் தேவையானவை கோடிகள் அல்ல: கட்டடங்களுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் விட்டுக்கொடுக்கப்படாத ஒரு பள்ளி மைதானம், உரிமம் பெற்ற ஒரு பயிற்சியாளர், கூடலூர் முதல் சின்னமனூர் வரையுள்ள பள்ளிகள் ஆண்டுதோறும் தவறாமல் மோதிக்கொள்ளும் ஒரு சிறிய லீக். உள்ளாட்சிகளும் பள்ளி நிர்வாகங்களும் பெற்றோரும் இவற்றைச் சேர்ந்து அமைத்துக் கொடுக்க வேண்டும்; அப்படிச் செய்தால்தான் அடுத்த முறை தமிழ்நாட்டுக்கு ஒரு பட்டம் வரும்போது, அது ஒரு பருவத்தோடு கலைந்துபோகாமல் நிலைத்து நிற்கும்.