இருபத்து நான்கில் ஒரு பங்கு

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி மாதிரி வண்டி அமைப்பதைப் பெற்றோர் சிலர் காசைக் கரைக்கும் விளையாட்டென்பர். மாணவர்களே, அது கணக்குப் பாடமுமாகும். ஜப்பானியத் தமியா நிறுவனத்தின் கார்ப் பெட்டிகள் பலவற்றில் '1/24' என்றிருக்கும். 408 சென்டிமீட்டர் நீளமுள்ள வோக்ஸ்வேகன் பீட்டில் கார் அவ்வளவில் 17 சென்டிமீட்டராகும். அதே அளவுள்ள லோரியை நம் மலாக்காத் தோட்டத்துச் செம்பனை லோரியாக மாற்ற விரும்பினால், 48 சென்டிமீட்டர் குலையைக் களிமண்ணில் 2 சென்டிமீட்டராகவே உருட்டுக. பெரிதானால் லோரி பொம்மையாகத் தோன்றும்.

இதற்குரிய பசை பிளாஸ்டிக்கின் விளிம்பைக் கரைத்தே இணைக்கிறது. ஆதலின் முதலிற் பசையின்றிப் பொருத்திப் பார்த்து, பின்னர்ச் சிறு துளியே இடுக. மிகுந்தால் பாகமே உருக்குலையும். அதன் ஆவி உடலுக்குத் தீங்கு. சன்னலைத் திறந்து வைத்து, பெரியோர் உடனிருக்கச் செய்க.

பெட்டி வாங்க இயலாதோர்க்குச் சார்டின் டின்னும் தேய்ந்த சிலிப்பரில் வெட்டிய சக்கரங்களும் போதும். முதலில் உண்மை லோரியின் நீளத்தை டின்னின் நீளத்தால் வகுத்து, அளவைக் கண்டுகொள்க.