மாத்திரைக்கு அப்பால் – 9: நோயாளி நடத்தும் பாடம்

சென்ற வாரம் பார்த்த, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில ஆய்வு நினைவிருக்கும். ஆண்டுக்கணக்கில் மனநல மருத்துவமனையிலேயே கிடந்த 269 பேரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத் தேடிப் போனார்கள் ஆய்வாளர் கோர்ட்னி ஹார்டிங்கும் சகாக்களும். பாதிக்கும் மேற்பட்டவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

எப்படித் தேறினார்கள்? யாரிடம் கேட்பது? மருந்தும் பக்கவிளைவும் டாக்டருக்குத் தெரியும். காதில் குரல்கள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் பிடித்து வேலைக்குப் போவது எப்படி என்பது, போனவருக்குத்தான் தெரியும். அவரையே வாத்தியார் ஆக்கினால் என்ன?

அமெரிக்காவில் பாஸ்டனிலும் ஃபீனிக்ஸிலும் இதற்கு முன்னோடிகள் இருந்தன. அதை அரசு மருத்துவ சேவைக்குள்ளேயே கொண்டுவந்தது இங்கிலாந்து. 2009-இல் தென்மேற்கு லண்டனில் முதல் ‘மீட்சிக் கல்லூரி’; 2011-இல் நாட்டிங்காமில் இன்னொன்று. இந்த முயற்சியில் முன்னின்ற ரேச்சல் பெர்கின்ஸ் மருத்துவ உளவியலாளர். இருமுனை மனநோயைத் தானும் அனுபவித்தவர். இன்று இங்கிலாந்தில் மட்டும் இத்தகைய கல்லூரிகள் 80-க்கும் மேல்.

பெயருக்குத்தான் கல்லூரி என்று நினைத்துவிட வேண்டாம். பாடத்திட்டப் புத்தகம் உண்டு. அதைப் புரட்டி, பிடித்த வகுப்பில் பெயர் கொடுக்கலாம். சேர்ந்தவர் அங்கே மாணவர். கேஸ் ஃபைலை யாரும் பிரிப்பதில்லை. தூக்கம், மனச்சிதைவு, பணத்தைக் கையாளுவது, தன் கதையைச் சொல்லப் பழகுவது என்று பல பாடங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் சேர்ந்து வடிவமைத்து, சேர்ந்தே நடத்துகிறார்கள்: ஒருவர் துறை நிபுணர், மற்றவர் நோயைக் கண்டு மீண்டவர். இரண்டாமவர் விருந்தினராக வந்து உருக்கமாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர் அல்ல. சம்பளம் வாங்கும் பயிற்றுநர். தூக்க வகுப்பு என்றால், நிபுணர் உடம்பின் கடிகாரத்தை விளக்குவார். இவர், இரவு மாத்திரை மறுநாள் பதினொரு மணி வரை தலையைத் தூக்கவிடாத காலத்தை எப்படிச் சமாளித்தார் என்று சொல்வார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. வகுப்பில் நோய் கண்டவர்கள் மட்டும் உட்காருவதில்லை. குடும்பத்தாரும் மருத்துவமனை ஊழியர்களும் மாணவர்களாக வருகிறார்கள். வார்டில் ஊசி போட்ட நர்ஸ், ஊசி போட்டுக்கொண்டவருக்குப் பக்கத்து நாற்காலியில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கலாம். நோயாளி எதிரே இருக்க, கூட வந்தவரிடம் “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரா?” என்று கேட்டே பழகிய நம்மூர் கிளினிக்கை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய இடமாற்றம் என்பது புரியும். நோய் கண்டவருக்குக் கிடைக்கும் படிப்பைவிட ஊழியருக்குக் கிடைக்கும் படிப்புதான் பெரிது என்பேன்.

‘மீட்சி’ என்ற இந்தக் கருத்துக்கு எதிர்ப்பும் உண்டு, அதுவும் நோயை அனுபவித்தவர்களிடமிருந்தே. பிரிட்டனில் ‘மீட்சி குப்பைத்தொட்டியில்’ என்று காரமாகப் பெயர் வைத்துக்கொண்ட குழு, மீட்சியை அளக்க மருத்துவ சேவைகள் பயன்படுத்தும் நட்சத்திர வடிவப் படத்துக்குப் போட்டியாகத் தானே ஒரு படம் வரைந்தது. அதன் முனைகளில் வறுமை, நிலையற்ற குடியிருப்பு, இனவெறி போன்றவை. ‘நீங்கள்தான் தேறிவிட்டீர்களே’ என்று சொல்லி உதவித்தொகையிலும் சேவையிலும் கை வைக்கிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அந்தக் குழு உருவானது அரசின் சிக்கன நடவடிக்கைகள் நடந்த ஆண்டுகளில் என்பதைப் பார்த்தால், அதை வெறும் கோபம் என்று தள்ளிவிட முடியாது. வீட்டு வாடகைக்கே வழியில்லாதவருக்குத் தூக்க வகுப்பு எதுவரை கைகொடுக்கும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)