படகில் ஒலிக்கும் எச்சரிக்கை

கடலிற் செல்லும் சிறு படகுகள் பலவற்றில் இன்று இடமறியும் ஜி.பி.எஸ். கருவியும், கரையோடு பேச வி.எச்.எஃப். வானொலித் தொலைபேசியும் இடம் பெற்றுள்ளன. இவற்றுள் ஒன்று 'மின்னழுத்தம் குறைவு' என எச்சரித்தால், குற்றம் எங்கே உள்ளது? கருவியையோ மின்கல அடுக்கையோ உடனே பழித்தல் முறையன்று என்பேன்.

முழு மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட் ஈய மின்கல அடுக்கு, ஓய்வு நிலையில் ஏறக்குறைய 12.7 வோல்ட் காட்டும். ஆயினும் ஓய்வு நிலையின் அளவு முழு உண்மையை உரைப்பதில்லை. 25 வாட் ஆற்றலுடைய வானொலித் தொலைபேசி, கேட்கும்பொழுது ஓர் ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே கொள்ளும்; பேசும்பொழுதோ 5 அல்லது 6 ஆம்பியர் வேண்டும். உப்பு நீரால் ஓர் இணைப்பு களிம்பேறி, அங்கே 0.3 ஓம் தடை தோன்றியதெனக் கொள்வோம். ஓம் விதிப்படி 6 ஆம்பியரை 0.3 ஓமால் பெருக்க, 1.8 வோல்ட் வழியிலேயே இழக்கப்படுகிறது. கருவிக்கு எஞ்சுவது 11 வோல்ட்டுக்கும் குறைவே. விளைவு யாது? பிறர் குரல் நமக்குத் தெளிவாகக் கேட்கும். ஆபத்து வேளையில் நம் குரல் மட்டும் கரையை எட்டாது போகலாம்.

ஆதலின், ஆபத்து அழைப்புக்குரிய 16-ஆம் அலைவரிசையைத் தவிர்த்து வேறொன்றில் பேசிக்கொண்டிருக்கும்பொழுதே, மின்கல முனைகளிலும் கருவியின் முனைகளிலும் அழுத்தத்தை அளத்தல் வேண்டும். இரண்டும் ஒருங்கே பெரிதும் தாழ்ந்தால், மின்கல அடுக்கு தளர்ந்துள்ளது. கருவியில் மட்டும் தாழ்ந்தால், இடையிலுள்ள கம்பி, உருகி, இணைப்பு ஆகியவற்றுள் ஒன்றே குற்றவாளி. களிம்பை நீக்கி முனைகளை இறுக்கினால் பெரும்பாலும் குறை தீரும்.

மாணவர்களே, வகுப்பறையில் நீங்கள் கற்கும் ஓம் விதி இங்கே உயிர் காக்கும் துணையாகிறது. படகு கரையில் இருக்கும்பொழுதே இச்சோதனையைச் செய்தல் நன்று.