கடலோர இல்லம் – 11: ஓடுகிறது, குளிரவில்லை

சென்ற இதழில் ஜன்னல் கம்பிகளை உப்புக் காற்று அரித்துத் தின்னும் விதத்தைப் பார்த்தோம். அதே காற்று, அவற்றினும் விலையுயர்ந்த ஒரு பொருளிடம் தன் கைவரிசையைக் காட்டுவதை இந்த வாரம் பார்ப்போம்.

வடக்கே தரங்கம்பாடியும் தெற்கே நாகூரும் அணைத்திருக்க, மூன்று புறமும் தமிழ்நாடும் கிழக்கே வங்காள விரிகுடாவுமாக, புதுச்சேரி அரசின் ஆளுகையில் தனித்துக் கிடக்கும் காரைக்காலில், அக்னி நட்சத்திரம் நெருங்கும் காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு: "ஏ.சி. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, குளிர்தான் வரலை." மெக்கானிக் வருகிறார், "கேஸ் குறைஞ்சு போச்சு" என்கிறார், நிரப்புகிறார், கூலி பெற்றுச் செல்கிறார். சில மாதங்கள் கழித்து மறுபடியும் அதே புலம்பல், அதே சிகிச்சை. சமையல் சிலிண்டரில் உள்ள வாயு எரிந்து தீர்வது, ஏ.சி.யில் உள்ள வாயுவோ, மூடிய தாமிரக் குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுழன்று, அறையின் உஷ்ணத்தை வாங்கி வெளியே கொட்டிவிட்டுத் திரும்புவதேயன்றி, உபயோகத்தால் தீர்ந்துபோகும் வஸ்து அன்று. அது குறைந்திருக்குமாயின் எங்கோ ஒரு துவாரம் இருக்கிறது என்பதே அர்த்தம். துவாரத்தைத் தேடாமல் வாயுவை நிரப்புவதை நான் பழுதுபார்த்தல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் கடற்கரைப் பிரதேசங்களில், வாயு சிறிதும் குறையாத யந்திரமும் குளிரூட்ட மறுப்பது உண்டு. அதன் காரணத்தைக் காண வீட்டின் வெளிப்புறச் சுவருக்குச் செல்ல வேண்டும். அங்கே மாட்டியுள்ள அவுட்டோர் யூனிட்டின் முதுகில், தாமிரக் குழாய்களைச் சுற்றிக் காகிதம் போல் மெலிந்த அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. உஷ்ணம் குழாயிலிருந்து தகட்டுக்கும், தகட்டிலிருந்து காற்றுக்கும் செல்ல வேண்டும். கடற்காற்று இத்தகடுகளின் மேல் உப்பைப் படியவைக்கிறது. சமையலுப்போ, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும் இயல்புடையது. காரைக்காலின் இரவுகளில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் படிந்தால், மின் ரசாயன விதியின்படி அவற்றுள் எளியதான அலுமினியமே முதலில் பலியாகிறது. வெண்பொடி பூத்து, தகடு குழாயைப் பற்றியிருந்த பிடி தளர்ந்து, கைபட்டால் உதிரும் நிலையை அடைந்தபின், உஷ்ணம் வெளியேற வழியின்றி உள்ளே அழுத்தம் ஏறுகிறது. கம்ப்ரஸர் சூடேறித் தானே நின்றுவிடுகிறது. உள்ளே விசிறி மட்டும் சுழன்றுகொண்டிருப்பதால் 'ஓடுகிறது' என்று நாம் எண்ணுகிறோம். இந்த நிலையில் மேலும் வாயுவை ஏற்றுவது அழுத்தத்தை இன்னும் கூட்டுவதாகவே முடியும்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. யந்திரத்தை மழை நனைக்கலாகாது என்று சன்ஷேடின் கீழே ஒளித்து வைக்கிறோமே, அந்த யந்திரமே பல சமயங்களில் விரைவில் கெடுகிறது. திறந்த வெளியில் இருப்பதன் உப்பை ஐப்பசி, கார்த்திகை மழை இலவசமாகக் கழுவிவிட, மறைவில் இருப்பதன் உப்போ வருஷம் முழுதும் படிந்தபடியே இருக்கிறது. ஆகையால் கிளிஞ்சல்மேடு போன்ற கரையோர ஊர்களில் வசிப்போர், மாதம் ஒரு முறையேனும், மின்சாரத்தை அணைத்துவிட்டு, மெல்லிய தாரையில் அத்தகடுகளைக் கழுவுவது உத்தமம். கழுவுவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். கரையோரத்துப் போர் தண்ணீரிலேயே உப்பு இருக்குமானால் வியாதியைக் கொண்டே வைத்தியம் செய்ததாகும். ஏ.சி. குழாயிலிருந்து சொட்டி வீணாகும் நீரில் கடலுப்பு அநேகமாக இராது. அதைப் பிடித்துவைத்துக் கழுவுவோரின் சாமர்த்தியத்தைப் பாராட்டுகிறேன். புதிதாக வாங்குவோர், தகடுகளின் மேல் நீலப் பூச்சு உள்ளதை வாங்கி, கடலை நேரே நோக்காத சுவரில் மாட்டினால் ஆயுள் நீளும்.

யந்திரம் ஆரோக்கியமாக இருந்தும் அறை குளிராதிருப்பது மற்றொரு வகை. ஒரு டன் ஏ.சி. என்பது ஏறக்குறைய 3.5 கிலோவாட் உஷ்ணத்தை அகற்றும் சக்தி; காற்றிலுள்ள ஈரத்தை மணிக்கு ஒரு லிட்டர் வீதம் நீராக்குவதற்கே அதில் ஐந்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி நீங்கியதற்கு முன் கட்டப்பட்ட முற்றம் வைத்த வீடுகள், காற்று உள்ளே வர வேண்டும் என்றே கட்டப்பட்டவை. அவற்றின் கதவிடுக்குகளை அடைக்காமல் யந்திரத்தை நிந்திப்பது நியாயமன்று. குறை யந்திரத்திலா அறையிலா என்று நிர்ணயிக்க ஒரு சாதாரணத் தெர்மாமீட்டர் போதும். யந்திரம் இழுக்கும் காற்றுக்கும் விடும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்குமானால், குறை பெரும்பாலும் அறையில்தான்.

அழுக்கடைந்த ஃபில்டர், ரிமோட்டில் 'ஃபேன்' நிலை, மாலை நேரத்துத் தாழ்ந்த மின்னழுத்தம் ஆகிய சில்லறைக் காரணங்களை முதலிலேயே பார்த்துவிடலாம். வெளியே விசிறி சுழன்றும் கம்ப்ரஸர் கிளம்பவில்லை என்றால் கெபாசிட்டரைச் சந்தேகிக்க வேண்டும். மின்சாரத்தை அணைத்த பின்னும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்குமாதலால் அதைத் தொடும் வேலை நமக்கு வேண்டாம்.

வாயு உண்மையிலேயே கசிந்திருந்தால், நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, சோப்பு நுரையிட்டுத் துவாரத்தைக் கண்டு, பற்றவைத்து, குழாயை வெற்றிடமாக்கி, யந்திரத்தின் மேல் எழுதியுள்ள எடையளவுக்கே வாயுவை நிரப்ப வேண்டும். இக்காலத்து யந்திரங்கள் பலவற்றில் உள்ள ஆர்-32 தீப்பற்றும் தன்மையது. பழைய வாயுவை முற்றிலும் அகற்றாமல் தீயை அருகே கொண்டுபோகலாகாது. இத்தனையும் செய்ய அரை நாளாவது பிடிக்கலாம், கூலியும் கூடும். ஆகவே வாசகர்களை வேண்டிக்கொள்வது இதுதான்: அடுத்த முறை "கேஸ் போட்டுடலாமா?" என்று கேட்கப்படும்போது, "எங்கே கசியுதுன்னு முதலில் காட்டுங்க" என்று சொல்லுங்கள்.

(தொடரும்)