பெயர் ஒன்று, வேர் வேறு

எருக்கலம்பிட்டி என்ற ஊர்ப் பெயரிலேயே ஒரு மருந்துச் செடி நிற்கின்றது. எருக்கின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதன் வேர்ப்பட்டையோ சித்த வைத்தியத்திலும் யூனானியிலும் மருந்து. எவ்வாறு சுத்தி செய்து, எந்த அளவில், யாருக்குக் கொடுப்பது என்று அறிந்தவர் கையில் மட்டுமே அது மருந்தாகின்றது. மன்னார்த் தீவு மக்களுக்கு இது புதிய செய்தி அன்று. எனினும், சீன மூலிகை என்ற பெயரில் வேர்களும் விதைகளும் தூளாகவும் குளிசையாகவும் விற்கப்படும் இக்காலத்தில், அந்தப் பழைய எச்சரிக்கையை நாம் மீண்டும் நினைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

சீனத்துச் சரக்கு எமக்கு அந்நியமானது என்று எண்ணுவது தவறாகும். தீவுக்கு எதிரே பெருநிலத்தில் அமைந்துள்ள மாந்தையில் 1980களில் நடைபெற்ற அகழ்வாய்வில், சீனத்து மட்பாண்டங்களும் பாரசீக வளைகுடா நாடுகளின் மட்பாண்டங்களும் ஒரே மண்ணிலிருந்து கிடைத்தன. 2009, 2010ஆம் ஆண்டுகளில் அங்கு மீண்டும் அகழ்ந்தபோது மிளகு மணிகளும் ஒரேயொரு கிராம்பும் வெளிப்பட்டன. மிளகு கி.பி. 600 முதல் 700 வரையான காலத்தது. கிராம்பு 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது. கிராம்பு அக்காலத்தில் கிழக்கே வெகு தொலைவிலுள்ள மொலுக்காஸ் தீவுகளில் மாத்திரமே விளைந்தது. சீன வைத்தியர் அதனை வயிற்றுக் குளிர்ச்சி நீக்கும் மருந்தாகக் கொண்டனர். எமது பரிகாரிமாரும் ஹக்கீம்களும் அதனை அறிவர்.

இவ்வாறு கைமாறிய சரக்குகளுக்கு அரபு, பாரசீக வணிகர் இட்ட பெயர்கள் சுவையானவை. கிழக்கிலிருந்து கப்பலேறியவை பலவற்றுக்கும் ‘சீனி’, அதாவது சீனத்தது, என்ற ஒட்டு கிடைத்தது. மலமிளக்கியாகப் பயன்படும் ரேவந்த்சீனி என்னும் வேரே எமது மருந்துக்கடைகளில் ரேவல்சின்னி ஆயிற்று. அது உண்மையாகவே சீனத்து மலைகளில் விளைவது. ஆனால், கபாப்சீனி என்று ஹக்கீம்கள் அழைக்கும் வால்மிளகு ஜாவாவின் விளைபொருள். எல்லாவற்றிலும் வேடிக்கை, கறுவாவுக்கு இட்ட ‘தார்சீனி’, சீன மரம், என்ற பெயர்தான். உலகறிந்த கறுவா விளையும் இலங்கையில் இருந்துகொண்டு அதனைச் சீன மரம் என்று கேட்கும்போது சிரிக்காமல் இருக்க முடியாது.

பெயர்கள் எதிர்த்திசையிலும் பயணித்தன. அரபியில் வெந்தயம் ‘ஹுல்பா’. சீனர் அதனை ‘ஹுலுபா’ என்று ஏற்று, 11ஆம் நூற்றாண்டில் தமது மருந்து நூலில் சேர்த்தனர். மலையாளத்தார் சொல்லும் ‘உலுவா’விலும் அதே ஒலி கேட்கின்றது.

பறங்கிப்பட்டையின் கதை சற்று நீளமானது. போர்த்துக்கேயர் 1530களில் சீனத்திலிருந்து கோவாவுக்குக் கொண்டுவந்த ஒரு கிழங்கு அது. பறங்கியர் கொணர்ந்தமையால் பறங்கி என்ற பெயர் ஒட்டியது. பட்டை என்பதோ பொருந்தாப் பெயர். அது நிலத்தடியில் வளரும் தண்டு. யூனானியில் அதுவே சோப்சீனி, சீனக் கட்டை. மேகநோய்க்கு அருமருந்தென்று அது ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றது. உடற்கூற்றியலின் தந்தை எனப்படும் வெசாலியஸ் 1546இல் அதனைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கோவாவில் வாழ்ந்த வைத்தியர் கார்சியா த ஓர்த்தா 1563இல் தமது நூலில் அதற்குத் தனியாக ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். இத்தனை புகழிருந்தும் அது மேகநோயை வேரறுக்கவில்லை. அந்நோய்க்கு உறுதியான மருந்து 1940களில் பெனிசிலின் வடிவில்தான் வந்தது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே வணிகப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கொடிகளின் கிழங்குகள் விற்கப்பட்டன. பறங்கிப்பட்டை விடயத்தில் அதனால் பெருந்தீங்கு விளைந்ததாகக் கூறுவதற்கில்லை. வேறொரு வேரின் விடயத்தில் விளைந்தது.

பெல்ஜியத் தலைநகர் பிரசல்ஸில், உடல் மெலிவதற்குச் சிகிச்சை அளித்த ஒரு நிலையம் 1990இல் தனது மருந்தில் சீன வேர்களின் தூளைச் சேர்த்தது. 1992 அளவில் அங்கு சிகிச்சை பெற்ற இளம் பெண்கள் சிலரின் சிறுநீரகம் விரைவாகச் செயலிழந்தது. பாதிக்கப்பட்டோர் தொகை பின்னர் நூறைத் தாண்டியது. பலருக்கு இயந்திரம் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிக்கவோ மாற்றுச் சிறுநீரகம் பொருத்தவோ நேர்ந்தது. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாயிற்று. காரணம் என்ன? சீன மொழியில் ‘பாங்ஜி’ என்று முடியும் பெயருடைய வேர்கள் இரண்டு. கேட்டது ஒரு பாங்ஜி. பொதியில் வந்தது மற்றது. மாறி வந்த வேர் அரிஸ்டொலோக்கியா என்ற இனத்தைச் சேர்ந்தது. அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்குகின்றது. சீன அரசே அவ்வினத்து மூலிகைகள் சிலவற்றை 2003, 2004ஆம் ஆண்டுகளில் தனது மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது.

இதனைப் படித்துவிட்டுச் சீனரைக் குறைகூறி அமைதியடைய எமக்கு இடமில்லை. ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அதே அரிஸ்டொலோக்கியா இனத்தவையே. எமது நாட்டு வைத்தியத்தில் இவை இரண்டுக்கும் பழைய இடமுண்டு. பூச்சிக்கும் விஷக்கடிக்கும் அவற்றைக் கொடுத்த முன்னோர், பல ஆண்டுகள் கழித்துத் தோன்றும் புற்றுநோயை இதனோடு தொடர்புபடுத்திப் பார்த்திருக்க வழியில்லை. வடமத்திய மாகாணத்திலும் அயற்பகுதிகளிலும் பரவியுள்ள, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய்க்கு இம்மூலிகைகளே காரணம் என்று நாம் கூற வரவில்லை. ஆயினும் சிறுநீரக நோய் மலிந்த நாட்டில் இவற்றை அறியாது உட்கொள்வது இரட்டிப்பு ஆபத்தாகும்.

செடியைப் பார்த்து இனங்காணும் அறிவு, மூத்தவர் தோட்டத்தில் காட்டிக் கொடுத்து இளையவர் கற்பது. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, கடல்வழியே கற்பிட்டிக் கரையை அடைந்த எருக்கலம்பிட்டி மக்களுக்கு அந்தத் தொடர்ச்சி அறுந்தது. புத்தளம் மண்ணிலும் எருக்கு உண்டு. அகதி முகாமின் நெருக்கடியில் அதனைக் காட்டிக் கொடுக்க யாருக்கு அவகாசம் இருந்திருக்கும்? செடியை அறியாத தலைமுறை, பொதியில் அச்சிட்ட பெயரையே நம்ப வேண்டியதாகின்றது.

கருஞ்சீரகத்தின் சிறப்பைக் கூறும் நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. அதனை அட்டையில் அச்சிட்டு, நீரிழிவு நோயாளியை வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்லும் வியாபாரிகள், மருத்துவம் அறியாது மருத்துவம் செய்பவர் விளையும் தீங்குக்குப் பொறுப்பாளியாவார் என்ற நபிமொழியை அச்சிடுவதில்லை. அது அபூதாவூத் தொகுப்பில் உள்ளது.

இலங்கையில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்றும் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வருவன; பதிவு பெற்ற வைத்தியர்களும் உள்ளனர். பொதியில் தாவரவியற் பெயர் இல்லாது ‘சீன மூலிகை’ என்று மட்டும் இருந்தால் அதனை வாங்காது விடலாம். கர்ப்பிணிகளும் சிறுநீரக நோயாளரும் இத்தகைய தூள்களைத் தொடவே கூடாது. ஏற்கெனவே உட்கொண்டு உடல்நலம் குன்றியவர், மீதியை வெட்கப்பட்டு எறிந்துவிடாது பொதியோடு வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பிரசல்ஸில் எந்த வேர் மாறியது என்பது, விற்கப்பட்ட தூளைச் சோதித்துப் பார்த்ததனாலேயே 1994இல் உறுதியாயிற்று.