கேளிக்கைப் பூங்காவில் ஒரு நாள்

திருவிழாவுக்குப் போகிறவன் திட்டம் வகுத்துக்கொண்டா போகிறான் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஊர்த் திருவிழாவில் ராட்டினக்காரன் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறான். மடியிலிருக்கும் காசு தீர்ந்தால் நாமும் வீடு திரும்பிவிடுகிறோம். பெரிய கேளிக்கைப் பூங்காவின் கணக்கு வேறு. ஒரு நாளைக்குரிய கட்டணத்தை வாயிலிலேயே செலுத்திவிடுகிறோம். உள்ளே பெரும்பாலான விளையாட்டுகளுக்குத் தனிக் காசு இல்லை. காசு கேட்காத இடத்தில் கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்தால் வரிசை நீளும். ஆகவே அங்கே நாம் செலவிடும் நாணயம் ரூபாய் அன்று, நேரம்.

இவ்வகைப் பூங்காக்களுக்கு முன்மாதிரியாக விளங்குவது கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னிலாந்து. 1955 ஜூலை 17 அன்று வால்ட் டிஸ்னி அதனைத் திறந்தபோது, போலி அழைப்புச் சீட்டுகளுடன் பெருங்கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. வெயிலில் புதுத் தார் இளகி, பெண்மணிகளின் காலணிக் குதிகள் அதில் புதைந்தன. அங்கும் பல ஆண்டுகள் நம் ராட்டினக்காரனின் முறையே நடந்தது. விளையாட்டின் தரத்துக்கேற்பத் தனித்தனிச் சீட்டு. 1982இல் அது ஒழிந்து ஒரே நுழைவுச் சீட்டு முறை வந்தது. வரிசைத் தொல்லையைக் குறைப்பதற்கென்றே, குறித்த நேரத்தில் வந்தால் போதும் என்னும் ஏற்பாட்டை 1999இல் அவர்கள் செய்ய நேர்ந்தது.

நம் சென்னைப் பக்கத்தில், தாம்பரத்தை அடுத்து 1995இல் கிஷ்கிந்தா தொடங்கப்பெற்றது. ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்னும் முப்பரிமாணப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் அதனை அமைத்தார். பிள்ளைகள் தாவிக் குதிக்கும் இடத்துக்கு வானர நாட்டின் பெயரைச் சூட்டிய நகைச்சுவையை நான் இன்றும் பாராட்டுகிறேன். 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா திறக்கப்பெற்றது. அங்கே நாற்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் உள்ளன.

அங்குச் சென்றுவர வழி கேட்டு, பழவேற்காட்டு ஏரிக்கரையில் வலைத்தொழில் செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் அனுப்பம்பட்டில் உள்ள என் இல்லத்துக்கு வந்தார். “ஐயா, பிள்ளைகள் ஓராண்டாகக் கேட்கிறார்கள். தாயாரையும் சேர்த்து ஆறு பேர் போக வேண்டும். ஆகும் பணத்தில் வலை வாங்கிவிடலாம். அது வீணாகாமல் போய்வர வேண்டும்” என்றார். வலைக்குச் சமமான பணம் என்றபோது விளையாட்டுப் பேச்சும் விளையாட்டாக இராது. தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இருவரும் அமர்ந்தோம்.

முதலில் நாளைக் குறித்தோம். ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்குப் ‘பாடு’ என்று பெயர். தம் பாடு வரும் நாளில் அவர் ஊரைவிட்டுப் போனால், நுழைவுக் கட்டணத்தோடு அன்றைய வருவாயும் போகும். எனவே பாடு இல்லாத நாளாக இருக்க வேண்டும். பள்ளி விடுமுறையாகவும் இருக்க வேண்டும். ஞாயிறாகவோ பண்டிகை நாளாகவோ இருத்தல் கூடாது. காலாண்டு விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றுக்கும் பொருந்திவந்தது.

அடுத்தது வரிசைக் கணக்கு. ரோலர் கோஸ்டர் ஒன்றில் ஒரு முறைக்கு 20 பேர் ஏறுவதாகவும், மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை அது புறப்படுவதாகவும் கொள்வோம். மணிக்கு 400 பேர். நமக்கு முன் 300 பேர் நின்றால் நாம் காத்திருக்க வேண்டியது 45 நிமிடம். ஓடுவதோ இரண்டே நிமிடம்! நிற்போர் தொகை, வருவோர் வேகம், காத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை 1961இல் ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் நிறுவினார். சராசரியாக நிமிடத்துக்கு எத்தனை பேர் வந்து சேர்கின்றனர் என்பதை, ஒருவர் காத்திருக்கும் நிமிடங்களால் பெருக்கினால், வரிசையில் நிற்போர் தொகை கிடைக்கும். கல்லூரி மாணவர்கள் இதனை அங்கேயே சோதித்துப் பார்க்கலாம். ஐந்து நிமிடத்தில் எத்தனை பேர் ஏறுகின்றனர் என்று எண்ணுங்கள். முன்னால் நிற்போரையும் எண்ணுங்கள். நிற்பதா நகர்வதா என்பது விளங்கிவிடும்.

நாற்பது விளையாட்டையும் ஒரே நாளில் முடிக்க முனைவது வீண் ஆசை. ஆளுக்கு ஒன்றாக ஆறு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். எல்லாரும் விரும்பும் பெரிய விளையாட்டுக்கு, வாயில் திறந்தவுடன், கூட்டம் பரவுமுன்னரே சென்றுவிட வேண்டும். நீர் விளையாட்டுகளைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். பருத்தி ஆடையுடன் நீரில் இறங்க விடமாட்டார்கள். நைலான் உடை வேண்டும். அங்கே விலைக்கு வாங்குவதினும் பொன்னேரிக் கடைத்தெருவில் முன்னதாக வாங்குவது சிக்கனம். கட்டுச்சோற்றையும் பொதுவாக உள்ளே அனுமதிப்பதில்லை. ஆதலால் காலை உணவை வழியிலேயே முடித்துக்கொண்டு, நண்பகல் உணவைப் பன்னிரண்டு மணிக்கே உண்பது நன்று. ஒரு மணிக்கு உணவுச்சாலையிலும் வரிசைதான்.

இனி, உயரம். பெரிய விளையாட்டுகள் பலவற்றில் 140 சென்டிமீட்டர் உயரம் கேட்கிறார்கள். இது வாயிற்காப்போனின் பிடிவாதம் அன்று. தோளையும் மடியையும் அழுத்திப் பிடிக்கும் கம்பி, குறிப்பிட்ட அளவுள்ள உடலுக்கென்றே அமைக்கப்பட்டது. சிறிய உடல் அதனுள் நழுவக்கூடும். ஆகவே வீட்டுச் சுவரில் கோடிட்டுப் பிள்ளைகளை அளக்கச் சொன்னேன். அவருடைய இளைய மகன் 132 சென்டிமீட்டர். அவன் எவற்றில் ஏறலாம் என்பதை வீட்டிலேயே சொல்லி, அவற்றுள் ஒன்றை அவனே தேர்ந்துகொள்ளச் செய்தால், வாயிலில் அழுகை இராது. குதி உயர்ந்த செருப்பு மாட்டி ஏமாற்றும் பெற்றோரும் உண்டு. அவர்களை என்னவென்று சொல்வது! 2025 மே மாதத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில், உயரே நின்றுபோன விளையாட்டிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைத் தீயணைப்புப் படையினர் மணிக்கணக்கில் முயன்று இறக்க வேண்டியிருந்தது. இதய நோயுள்ளவரும் கருவுற்றோரும் அறிவிப்புப் பலகையைப் படித்து விலகியிருத்தல் வேண்டும்.

பாட்டியைப் பற்றி ஒரு சொல். பெரும்பாலான குடும்பங்களில் அவர் நாள் முழுவதும் பைகளுக்குக் காவலாளியாகிவிடுகிறார். கட்டணம் செலுத்தி அழைத்துச் சென்று காவல் வைப்பது எந்த நியாயம்? பொருள்களை வைத்துப் பூட்டும் பெட்டி வாடகைக்குக் கிடைக்கும். அதனை எடுத்துக்கொண்டால் அவர் கைகளும் விடுபடும். மெல்லச் சுழலும் ராட்டினம் ஒன்றையேனும் அவருடைய பங்காக எழுதிக்கொள்ளுங்கள். மூத்தோருக்குச் சலுகை உண்டா என்றும் முன்னதாக விசாரியுங்கள்.

இள்ளலூரிலிருந்து எங்கள் பக்கம் எழுபது கிலோமீட்டருக்குக் குறையாது. சென்னை சென்ட்ரல் வந்து, கும்மிடிப்பூண்டி மின்தொடரில் பொன்னேரியில் இறங்கி, ஏரிக்கரைக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். மாலையில் ஐந்து மணிக்கே புறப்பட்டுவிட வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். நனைந்த துணிக்கு ஓர் உறை, மாற்றுடை, தண்ணீர்க் குப்பி, உறங்கிவிடும் பிள்ளைக்கு ஒரு போர்வை ஆகியவற்றையும் பட்டியலில் சேர்த்தேன்.